இருங்க, சட்டை மாத்திட்டு வரேன்

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர் என் அப்பா. அவர் வேலை செய்துகொண்டிருக்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை. சேக்காட்டில் அந்த ஃபேக்டரிக்குப் போய்வந்தவர்கள் யார் வீட்டிலும் நான் அப்படியொரு படம் பார்த்ததில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை என்பது அதன் முழுப் பெயர். பாதுகாப்புத் துறையின் இடம் என்பதால் 1923ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் அங்கே செல்லும். மதிலோரம் நின்று கேமராவைத் தூக்கினாலே யாராவது வந்து கேட்பார்கள். உள்ளே கொண்டுபோவது எப்படி?

ஆக, அப்பாவின் உத்தியோகத்துக்குச் சாட்சியாக வீட்டில் இருந்தவை இரண்டே படங்கள். ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்த ஸ்டாம்ப் சைஸ். இன்னொன்று, ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. கழுத்தில் ரோஜா மாலை, தோளில் சால்வை, கையில் செக்‌ஷன்காரர்கள் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரம், பின்னால் ஷாமியானா. இந்தப் படத்தை வைத்து அவர் டேங்க் செய்தவரா, தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவரா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் செய்த சாமானை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். 1961இல் ஆரம்பித்த அந்த ஃபேக்டரியிலிருந்து முதல் விஜயந்தா டேங்க் 1965 டிசம்பரில் வெளியே வந்தது. பிறகு ரஷ்ய வடிவமைப்பில் அஜேயா, அதற்குப் பிறகு அர்ஜுன், பீஷ்மா. ராணுவம் கழித்துவிட்ட விஜயந்தாக்கள் இன்றைக்கு நாட்டின் எத்தனையோ ஊர்களில் சாலைச் சந்திப்பிலும் பூங்காவிலும் பெயின்ட் அடித்து நிற்கின்றன. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். அதில் எந்த போல்ட்டை யார் முடுக்கினார் என்பதற்கு மட்டும் படம் இல்லை.

சேக்காடு ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், சி.டி.எச். ரோட்டை ஒட்டியிருக்கிற ஊர். நான் சின்னவனாக இருந்தபோது காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் ரோடு முழுக்க சைக்கிள்களாக இருக்கும். டேங்க் ஃபேக்டரிக்கு ஒரு கூட்டம், ராணுவத்துக்கு உடை தைக்கிற குளோத்திங் ஃபேக்டரிக்கு ஒரு கூட்டம், மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். மதிலுக்கு உள்ளே போன இந்த ஆயிரக்கணக்கானவர்களை நம்பி மதிலுக்கு வெளியே பிழைத்தவர்கள் உண்டு. சைக்கிள் கடைக்காரர், தையல்காரர், இஸ்திரி வண்டிக்காரர், லேத்துக்காரர், போர்டு எழுதுகிறவர், ஸ்டுடியோக்காரர். உள்ளே இருந்தவர்களை எடுக்க முடியாது. வெளியே இருந்தவர்களையாவது எடுத்துவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் வாங்கியிருந்த சமயம் அது. திட்டம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அநேகக் கடைகள் பாதி ஷட்டரோடு திறந்திருக்கும், ஆட்கள் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் போனது சைக்கிள் கடைக்கு. எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் அவரிடம் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிப் பழகியவர்கள். ரிம்மில் பெண்டு எடுப்பதில் அவருக்கு நிகரில்லை. சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழலவிட்டு, ஒரு சாக்பீஸைப் பக்கத்தில் பிடிப்பார். எந்த இடத்தில் சாக்பீஸ் உரசுகிறதோ அங்கே நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவார், எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முடுக்குவார். பார்வை சக்கரத்தில் இருக்கும், வாய் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும். அதை எடுக்கத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இருங்க தம்பி, சட்டை மாத்திட்டு வரேன்.”

“வேணாம்ணே, இப்படியே இருங்க. இதுதான் நல்லாருக்கு.”

“எது, இந்தக் கிரீஸ் சட்டையா? நீ போட்டுக்கிட்டு நின்னு எடுத்துக்கோ.”

வீட்டுக்குப் போய்க் குளித்து, விபூதி வைத்து, வெள்ளைச் சட்டையும் பேன்ட்டுமாக வந்தார். கடை வாசலில் விறைப்பாக நின்றார். எடுத்தேன். பிறகு அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தார். அதையும் எடுத்தேன். முதல் படத்தைத்தான் அவர் கேட்டு வாங்கி ஃபிரேம் போட்டார். இரண்டாவதை எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நான் இவ்ளோ குனிஞ்சா வேலை செய்றேன்?” என்றார்.

இது சேக்காட்டுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1950, 51 ஆண்டுகளில் பாரிஸ், லண்டன், நியூயார்க் மூன்று ஊர்களிலும் சிறுதொழில் செய்பவர்களை வேலை உடுப்போடு, கையில் கருவியோடு தன் ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லிப் படம் எடுத்தார். கறிக்கடைக்காரர், புகைபோக்கி சுத்தம் செய்பவர், கத்தி சாணை பிடிப்பவர், மீன் விற்பவர் என்று நிறையப் பேர். அந்த அனுபவத்தைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். பாரிஸ்காரர்களுக்கு இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று சந்தேகம், காசுக்காக வந்தார்கள். லண்டன்காரர்கள் வேலை உடுப்பில் படம் எடுப்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு, நேரம் தவறாமல் வந்து பெருமையோடு நின்றார்கள். அமெரிக்கர்களில் சிலர் மட்டும் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் முகச்சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்களாம். படித்தபோது எனக்கு எங்கள் சைக்கிள் கடைக்காரர் நியூயார்க்கிலும் ஒரு கிளை வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

நம் ஊரில் தொழிலாளிகளைப் படம் பிடிக்கும் வழக்கத்துக்கு இதைவிட நீளமான கதை உண்டு. கேமரா வருவதற்கு முன்பே, தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்கார வெள்ளையர்களுக்காக இதைச் செய்தார்கள். குயவர், தட்டார், வண்ணார், நெசவாளர் என்று கணவனும் மனைவியுமாக, கையில் கருவியோடு, பின்னால் ஒன்றுமே இல்லாத வெற்றுத் தளத்தில் நிற்கவைத்து வரைந்தவை அந்தப் படங்கள். ஊருக்குத் திரும்பும் துரைக்கு அது ஒரு ஆல்பம். பிறகு புகைப்படம் வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசாங்க வெளியீட்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டுப் படங்கள். 1909இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்த மனிதர் அவர்.

இந்த மாதிரிப் படங்களை எழும்பூர் கன்னிமாராவில் உட்கார்ந்து புரட்டியிருக்கிறேன். துலக்கமான படங்கள், மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலானவற்றின் அடியில் சாதி இருக்கும், தொழில் இருக்கும், சில சமயம் ஊர் இருக்கும், பெயர் இருக்காது. அந்த ஆளின் பேரப்பிள்ளை இன்றைக்கு அதே பக்கத்தைப் புரட்டினாலும் தாத்தாவைக் கண்டுபிடிக்க முடியாது. என் அப்பாவுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அவர் பெயர் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது, டிக்கெட் நம்பர் இருக்கிறது, எந்த ஷாப், எந்த செக்‌ஷன் என்று எல்லாம் இருக்கிறது. படம்தான் இல்லை. ஒரு பக்கம் பெயரில்லாத படங்கள், இன்னொரு பக்கம் படமில்லாத பெயர்கள். இரண்டையும் ஒரே அட்டையில் கொண்டுவருவதுதான் என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டரை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. கொலோன் நகரத்து ஸ்டுடியோக்காரர். தன் காலத்து ஜெர்மானியர் அத்தனை பேரையும் தொழில்வாரியாக எடுத்துவைக்க நினைத்தவர். 1929இல் அறுபது படங்களோடு அவருடைய முதல் புத்தகம் வந்தது. 1936இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். அவர்கள் காட்ட விரும்பிய ஜெர்மானியன் அந்தப் படங்களில் இல்லை. அவர் 1928இல் எடுத்த பேக்கரி மாஸ்டர் படம் ஒன்று உண்டு. மொட்டைத் தலை, மீசை, பருத்த உடம்பு. தன் சமையல்கட்டில் பாத்திரத்தையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டு, நீ யார் என்று கேட்பது போல நேராக நம்மைப் பார்க்கிறார். வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், இடமும் இருக்கிறது. இப்படியொன்று எடுத்துவிட மாட்டோமா என்றுதான் நானும் அலைந்தேன். ஆனால் சாண்டரும் அநேகமாகத் தொழிலைத்தான் தலைப்பாகப் போட்டார். அந்த பேக்கரிக்காரர் பெயர் என்ன?

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். அழிந்துவரும் தொழில்கள் என்று தலைப்பிட்டுக் கண்காட்சிகளில் வரும் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கறுப்பு வெள்ளை, சுருக்கம் விழுந்த கை மட்டும் பெரிதாக, பின்னணி முழுக்க இருட்டு. தஞ்சாவூர் ஓவியத்தின் வெற்றுத் தளம் மறுபடியும் வந்துவிட்டது, நிறம்தான் கறுப்பு. ஒரு பட்டறையின் சங்கதி அதன் சுவரில் இருக்கிறது. எந்த வருஷத்து நாள்காட்டி, எந்தச் சாமி, எந்தத் தலைவர், கரியால் எழுதிய ஃபோன் நம்பர்கள், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, ஸ்பேனர் மாட்டுகிற ஆணிகளைச் சுற்றி அந்தந்த ஸ்பேனரின் உருவத்தில் படிந்த அழுக்கு. இதையெல்லாம் இருட்டடித்துவிட்டுக் கையை மட்டும் காட்டினால் அது யார் கையாகவும் இருக்கலாம். அதனால் கலரில்தான் எடுத்தேன், அகலமான லென்ஸில்தான் எடுத்தேன்.

வெளிச்சம்தான் பெரிய தொல்லை. சேக்காடு, பட்டாபிராம் பக்கத்துப் பட்டறைகள் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நடுவில் ஒரு ஷீட் மட்டும் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும். பகல் பதினொரு மணி வாக்கில் அதன் வழியாக ஒரு பாளம் வெயில் சரியாக மெஷின்மேல் விழும். கொஞ்ச நேரத்தில் நகர்ந்து சுவருக்குப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் டியூப்லைட். பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை வேகமாக வைத்தால் கேமராவுக்குத் தெரிந்துவிடும். படத்தில் பாதி மஞ்சளாகவும் பாதி இருட்டாகவும் பட்டை விழும். நொடியில் நூறில் ஒரு பங்கு, அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை போய்விடும். ஆனால் அந்த வேகத்தில் ஓடுகிற மெஷின் கலங்கும். கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுழல்கிற சக்கரம் நின்ற மாதிரி தெரிவதைவிடச் சுழல்கிற மாதிரி தெரிவது நியாயம். ஃபிளாஷ் அடிப்பதில்லை. அடித்தால் பட்டறை கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. இஸ்திரி வண்டி வைத்திருந்த அக்கா கடைசிவரை சம்மதிக்கவே இல்லை. தொட்டிக்கரி போட்டு விசிறி, பித்தளைப் பெட்டியால் தேய்த்த காலத்திலிருந்து எனக்கு அவர்களைத் தெரியும். பிறகு கேஸ் பெட்டிக்கு மாறினார்கள். பழைய கரிப்பெட்டி வண்டிக்கு அடியில் கிடந்தது. “இதை எடுத்துக்கோ, என்னை விட்டுடு” என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “படம் எங்கெங்கயோ போகும். நாளைக்கு எவனாவது ஆபீஸ்காரன் பாத்துட்டு, இந்த மரத்தடில யார் வண்டி போடச் சொன்னதுன்னு வருவான். இருக்கிற இடம் தெரியாம இருக்கணும் தம்பி” என்றார்கள். படம் ஒருவருக்குப் பெருமை என்றால் இன்னொருவருக்கு வாக்குமூலம். அவர்கள் சொன்னது சரிதான். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, கொண்டுபோயிருந்த சட்டைகளைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கரிப்பெட்டியையும் தனியாக எடுக்கவில்லை. பிடி இல்லாமல் பிடித்தவரும் இல்லாமல் பெட்டி எதற்கு?

குளோத்திங் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற தையல்காரர் ஒருவர் தன் வீட்டு வராண்டாவில் மெஷின் போட்டிருந்தார். மிதிக்கிற உஷா. ஃபேக்டரியில் ஆளுக்கொரு பாகம் தைத்துத் தள்ளிவிடுவார்கள் என்றும், தன் கையில் பல வருஷம் காலர்தான் என்றும் சொன்னார். தான் காலர் வைத்த சட்டையைப் போட்டவன் இமயமலையில் எங்கே நின்றான் என்று அவருக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு முழுச் சட்டையை வெட்டுவதிலிருந்து காஜா எடுப்பதுவரை தானே செய்கிறார். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். பள்ளிச் சீருடை தைக்கிற ஜூன் மாதத்தில் அவரை நெருங்கவே முடியாது. அவர் சட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் போட்டிருந்ததே அவர் தைத்ததுதான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: காலர் கசங்காமல் தெரியவேண்டும்.

ஈயம் பூசுகிறவருக்குக் கடையே கிடையாது. எந்த வீட்டு வாசலில் கூப்பிடுகிறார்களோ அதுதான் பட்டறை. மண்ணில் சின்னக் குழி, துருத்திக்குப் பதில் கையால் சுற்றுகிற ஒரு காற்றாடி. பித்தளைக் குண்டானைப் புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் புரட்டி, நவச்சாரத் தூளைத் தூவினால் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, துணிச் சுருணையால் சுழற்றித் துடைப்பார். மஞ்சள் பாத்திரத்தின் உட்புறம் நம் கண் முன்னாலேயே வெள்ளியாகிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட வேகமான கண்கட்டு வித்தை தெருவில் கிடையாது. எவர்சில்வர் வந்தபின் பூசக் கொடுக்க ஆளில்லை. பிரியாணிக்காரர்களின் தேக்சா இருக்கும்வரை பிழைப்பு ஓடும் என்றார். வேலை முடிந்ததும் குழியை மூடிவிட்டுப் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு பட்டறை இருந்ததற்கு என் படம்தான் அடையாளம்.

எனக்குப் படம் கழுவச் சொல்லிக்கொடுத்தவர் ஆவடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். டேங்க் ஃபேக்டரி ஆட்களின் அடையாள அட்டைப் படம், கல்யாணம், காதுகுத்து, ஓய்வு பெறும் விழா எல்லாம் அவர் கைதான். என் அப்பாவின் மாலையும் சால்வையும் அவர் எடுத்ததே. நெகட்டிவ்மேல் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்துவிடுவார். அப்படிப்பட்டவரை அவருடைய இருட்டறையில் யாரும் எடுத்ததில்லை. நான் கேட்டபோது இருட்டறை மொபைல் கவர்களும் கிஃப்ட் பெட்டிகளும் அடுக்கிய குடோன் ஆகியிருந்தது. அதையெல்லாம் நகர்த்தினோம். சிவப்பு பல்பு இன்னும் எரிந்தது. டெவலப்பர், ஹைப்போ எதுவும் இல்லை. மூன்று தட்டிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். பழைய காகிதம் ஒன்றைத் தண்ணீரில் ஆட்டியபடி, படம் எழும்பி வருவதற்குக் காத்திருப்பவர்போல் குனிந்து பார்த்தார். முழுப் படமும் சிவப்பு.

“மாஸ்டர், இது நடிப்புத்தானே?” என்றேன்.

“டேய், நாப்பது வருஷமா தாஜ்மகால் ஸ்கிரீனுக்கு முன்னாடி ஆளை நிக்கவெச்சு எடுத்தவன்கிட்ட இதைக் கேக்கறியா?”

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் அச்சுகளையும் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியது. அதைப் பற்றி மாஸ்டரிடம் சொன்னேன். தன்னுடைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்டதைச் சொல்லிச் சிரித்தார். அதிலிருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்க வாங்கிப் போவார்களாம். சேக்காட்டின் எத்தனை மாப்பிள்ளை பெண்கள் அப்படி உருகினார்களோ.

அப்பாவை எடுக்காமல் இதெல்லாம் எடுத்து என்ன? கேட்டேன். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் வாயைத் திறக்கமாட்டார். எந்தப் பாகத்தில் வேலை செய்தீர்கள் என்றால், “அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது” என்பார். எந்த நாட்டு உளவாளிக்கும் இப்போது அந்த விஜயந்தாவில் ஆர்வம் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில், அப்ரண்டிஸ் காலத்தில் பழகிய வேலையைச் செய்து காட்ட ஒத்துக்கொண்டார். அது ரகசியம் இல்லை, எல்லா ஐ.டி.ஐ.யிலும் சொல்லித்தருகிறார்கள். இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி, ஒன்றில் புடைப்பும் இன்னொன்றில் பள்ளமுமாக, சேர்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியாதபடி பொருத்துவது. ஆண் பெண் ஃபிட்டிங் என்பார்கள். பின்கட்டில் பழைய மேஜையில் ஒரு வைஸை முடுக்கினோம். இடது காலை முன்னே வைத்து, முழங்கை உடம்போடு ஒட்ட, அரத்தின் முழு நீளத்தையும் தள்ளினார். திரும்பி வரும்போது அரம் இரும்பைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்த அப்பா மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறவர். இவர் வேறு ஆள். தோளும் இடுப்பும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தன. துண்டுகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “வெளிச்சம் வருது. கை போயிடுச்சு” என்று துண்டுகளை மேஜையில் போட்டார். அந்தக் கணத்தில் எடுத்ததுதான் நன்றாக வந்தது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வெளிச்சம் வருகிற ஃபிட்டிங்கை யாருக்கும் காட்டாதே என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வேலையில் என்னைவிட ஆழமாகப் போனவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கிற அம்மாவுக்குப் பிறந்த மு. பழனிகுமார், துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து எடுத்திருக்கிறார். தன் அம்மாவின் உழைப்பையும் எடுத்திருக்கிறார். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்ற ஊரக ஆவணக் காப்பகத்தில் அவருடைய படங்களைப் பார்க்கலாம். அங்கே படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, கூலி எவ்வளவு என்பதும் இருக்கிறது. தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கே கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம். தஞ்சாவூர் ஆல்பத்துக்கு அதுதான் சரியான பதில்.

நான் சின்ன அளவில் ஒன்று செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டை. ஆள் பெயர், தகப்பன் பெயர் அல்லது தாய் பெயர், யாரிடம் தொழில் பழகினார், கடை எங்கே இருந்தது, படத்தில் தெரிகிற கருவிகள் ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார். வெளியார் கண்ணுக்கு வராது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் இங்கே எந்தப் பெயரையும் எழுதவில்லை. அட்டை இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று படத்தின் பின்னால் ஒட்டி அவர்களிடம்.

லேத்துக்காரர் விஷயத்தில்தான் இந்த அட்டை வேலை கொஞ்சம் நீண்டது. பட்டாபிராம் போகிற வழியில் அவர் பட்டறை. ஃபேக்டரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்தவர். புஷ், பின், போல்ட், விவசாய பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் என்று எது கொடுத்தாலும் கடைந்துவிடுவார். வெர்னியர் வைக்காமலே விரலால் தடவி, “இன்னும் ஒரு தவ் போகணும்” என்று மயிரிழைக் கணக்குச் சொல்வார். அம்பத்தூரில் நான் அளவு பார்க்கிற வேலையில் இருந்தவன். சோதித்துப் பார்த்திருக்கிறேன், விரல் சரியாகத்தான் சொல்லும். பகல் பதினொரு மணி வெயில் சக்கின்மேல் விழுகிற நேரத்தில், நீல நிறத்தில் சுருண்டு வரும் இரும்புச் சீவலோடு அவரை எடுத்த படம், நான் எடுத்ததிலேயே சாண்டர் பக்கத்தில் கொஞ்சமாவது போனது என்று நினைக்கிறேன்.

2024 நவம்பர் 22ஆம் தேதி பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தார்கள். இருபத்தொரு மாடி, 330 கோடி ரூபாய். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும். நல்ல விஷயம்தான்; எங்கள் தெருப் பிள்ளைகள் ஐ.டி. வேலைக்குத் தரமணிவரை ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டியதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஷெட் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஷெட் இருந்த மண்ணின் விலை நினைவுக்கு வந்துவிட்டது. லேத்துக்காரரின் இடத்துக்காரர் ஹாஸ்டல் கட்டப்போவதாகச் சொன்னார். லேத்துக்காரர் சண்டை பிடிக்கவில்லை. மகன் துபாயில், தனக்கும் முழங்கால் வலி, போதும் என்றுவிட்டார்.

ஒரு நாள் ஃபோன் செய்தார். “தம்பி, நீ எடுத்த படம் இருக்கே, அதை திருமழிசைல ஒரு பார்ட்டிக்கு வாட்ஸ்அப்ல போட்டேன். மெஷின் நல்லாருக்குன்னு சொல்றான். பெட்டைக் கிட்டத்துல காட்டச் சொல்றான். வந்து ஒண்ணு எடுத்துக் குடு. வேலை நல்லாத் தெரியணும், ரேட்டு ஏறும்.”

வம்சத்துக்கு நிற்கட்டும் என்று எடுத்த படம் விற்பனை விளம்பரம் ஆகிவிட்டது. போனேன். இந்தத் தடவை அவர் சட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பெட்டில் எண்ணெய் தடவி மினுக்கிவைத்திருந்தார். பெட்டை எடுத்தேன், சக்கை எடுத்தேன், கியர் பெட்டியைத் திறந்து பல் தெரிய எடுத்தேன். தேய்ந்திருந்த ஒரு இடத்தை எடுக்கப் போனபோது கையால் மறைத்து, “அது வேணாம்” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு, “சரி, எடு. அவனும் லேத்துக்காரன்தான், வந்து தடவினா தெரிஞ்சுடும்” என்றார்.

டெம்போ வந்து ஏற்றிப்போன அன்று அட்டையைத் திருத்தச் சொன்னார். கடை இருந்த இடம் என்பதற்குக் கீழே மெஷின் போன இடத்தையும் எழுதவேண்டுமாம். எழுதினேன். நாலரை அடி லேத், பட்டாலா மேக், வாங்கியது அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஹேண்டாக, இப்போது திருமழிசையில். படித்துப் பார்த்துவிட்டு, “ஓடுதுன்னு எழுது” என்றார்.